இடஞ்சார் தகவல் மென்பொருள்: பணியிடத்தில் எது திறன்? – வாசகர் கேள்வி பதில்

இடம் சார்ந்த தரவை வரைபடமாக்கி ஆராயும் ஜி.ஐ.எஸ். எனப்படும் புவித் தகவல் முறைமையில் வேலை செய்வோரும், அந்த வேலைக்குச் செல்ல விரும்புவோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளைத் தொட்டு வந்த கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: சிவில் டிப்ளமோ முடித்திருக்கிறேன். காணொளிகளைப் பார்த்துக் கியூஜிஐஎஸ் மென்பொருளை நன்றாகவே கற்றுக்கொண்டேன். ஆனால் நேர்முகத் தேர்வில் நான் கொண்டுபோன வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இதை எதை நம்பி நாங்கள் பயன்படுத்துவது?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள்?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்களிடம் கேட்கப்பட்டது மிகச் சரியான கேள்வி. அதைக் கேட்கத் தெரிந்த நிறுவனத்தில் வேலை கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். மென்பொருளில் எந்தக் கட்டளை எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது தேவைதான். ஆனால் அந்த அறிவு நீண்ட நாள் நிற்பதில்லை. கேரி ஷெர்மன் 2002-இல் தொடங்கிய கியூஜிஐஎஸ், 2018-இல் மூன்றாம் பதிப்பாக வந்தபோது பல கருவிகள் இடம் மாறின, செருகுநிரல்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) பலவற்றைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. கருவியின் இடத்தை மனப்பாடம் செய்திருந்தவர்கள் திணறினார்கள். கருவி என்ன கணக்கைச் செய்கிறது என்று அறிந்திருந்தவர்களுக்குச் சில நாள் பழக்கமே போதுமானதாக இருந்தது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். "இந்தத் தாலுகாவிலுள்ள ஏரிகளைச் சுற்றி 500 மீட்டருக்குள் வரும் கட்டடங்களைக் காட்டுங்கள்" என்று மேலாளர் சொல்கிறார். ஏரிகளின் அடுக்கு (ஒரு வகைப் பொருளை மட்டும் கொண்ட தரவு) அட்சரேகை, தீர்க்கரேகை அளவில், அதாவது பாகைகளில் இருக்கிறது. அதன்மீது நேராக இடைவளையக் கருவியை (பஃபர் – ஓர் உருவைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு எல்லை வரையும் கருவி) ஓட்டி 500 என்று கொடுத்தால், மென்பொருள் அதை 500 பாகை என்றே எடுத்துக்கொண்டு உலகம் முழுவதையும் மூடிவிடும். இந்தப் பிழை கண்ணுக்குத் தெரிவதால் ஆபத்தில்லை. ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர் என்று கணக்கிட்டு 0.0045 என்று கொடுத்து ஒப்பேற்றுகிறவரின் வரைபடம் பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும். ஆனால் வடக்கு–தெற்கில் ஓர் அளவும் கிழக்கு–மேற்கில் சற்றுக் குறைந்த அளவும் வந்து, எல்லையோரக் கட்டடம் ஒன்று உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதில் தவறான விடை கிடைக்கும். அந்தக் கட்டடத்தின் உரிமையாளருக்கு நாளை ஓர் அறிவிப்பு போகக்கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுக்கை முதலில் மீட்டர் அலகுள்ள ஆள்கூற்று முறைக்கு, அதாவது இடங்களை எண்களால் குறிக்கும் முறைக்கு, மாற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன் என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன.

ஆகவே அடுத்த நேர்முகத் தேர்வுக்குச் செல்லும்போது பத்து வரைபடங்களைக் கொண்டுபோக வேண்டாம். ஒரே வரைபடம் போதும். அதனுடன், தரவு எங்கிருந்து பெறப்பட்டது, எந்த ஆண்டுக்குரியது, எந்த ஆள்கூற்று முறையில் இருந்தது, எந்த முறைக்கு மாற்றப்பட்டது, எந்தெந்தப் புள்ளிகளைக் களத்திலோ செயற்கைக்கோள் படத்திலோ ஒப்பிட்டுச் சரிபார்த்தீர்கள், எந்த வேலைக்கு இந்த வரைபடத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பவற்றை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். உங்களிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு அந்தப் பக்கமே விடை.

கேள்வி: மதுரை மாவட்டக் கண்மாய்களை வரைபடமாக்கும் பணியில் இருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த கோப்பும் மதுரை நகரைச் சுற்றியுள்ள பகுதிக்கான கோப்பும் ஒன்றோடொன்று சேரவே இல்லை. ஒன்று வங்காள விரிகுடாவில் போய் நிற்கிறது. மென்பொருளில் கோளாறா, எங்களிடம் கோளாறா?
– வாசகி, மதுரை

பதில்: மென்பொருளில் கோளாறில்லை. உங்கள் மாவட்டம் அமைந்திருக்கும் இடம் அப்படி. இடங்களை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் முறை உலகத்தை ஆறு ஆறு பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. 72 முதல் 78 பாகை வரை 43-ஆம் மண்டலம், 78 முதல் 84 வரை 44-ஆம் மண்டலம். இரண்டையும் பிரிக்கும் 78 பாகைக் கோடு தமிழ்நாட்டின் நடுவே ஓடுகிறது. கோயம்புத்தூர், ஈரோடு, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகியவை 43-இல் விழுகின்றன. சென்னை, திருச்சி, சேலம், தூத்துக்குடி ஆகியவை 44-இல். மதுரை மாவட்டத்திலோ கோடு மாவட்டத்துக்குள்ளேயே புகுந்து செல்கிறது: உசிலம்பட்டி, சோழவந்தான் மேற்கே, மதுரை நகர் கிழக்கே. வைகையின் கரையோடு நடந்து போகிற ஒருவர் மண்டலம் மாறியதை உணரப்போவதில்லை. ஆனால் அவர் கையிலிருக்கும் ஜி.பி.எஸ். கருவி உணர்ந்து எண்களை மாற்றிவிடும்.

43-ஆம் மண்டலத்தில் எடுத்த எண்களை 44 என்று குறித்துவிட்டால் புள்ளிகள் சரியாக ஆறு பாகை கிழக்கே, அதாவது 650 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப்போய்க் கடலில் விழும். நீங்கள் பார்த்தது அதுதான். எண்ணைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். உங்கள் பகுதியில் கிழக்குத் திசை அளவு எட்டு லட்சத்துச் சொச்சம் மீட்டர் என்று வந்தால் அது 43-ஆம் மண்டலத்தின் கிழக்கு ஓரம். ஒரு லட்சத்து எழுபதாயிரம், எண்பதாயிரம் என்று வந்தால் 44-இன் மேற்கு ஓரம். வடக்குத் திசை அளவு இரண்டிலும் 11 லட்சத்தை ஒட்டியே இருக்கும் என்பதால் அதை வைத்துப் பிரித்தறிய முடியாது.

இனித் திருத்தும் முறை. இங்கேதான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். அடுக்கின் ஆள்கூற்று முறையைக் "குறிப்பது" வேறு, அடுக்கை வேறொரு முறைக்கு "மாற்றுவது" வேறு. முன்னது, இந்த எண்கள் எந்த முறையில் எழுதப்பட்டவை என்று மென்பொருளுக்குச் சொல்வது, எண்கள் மாறுவதில்லை. பின்னது எண்களையே மறுகணக்குச் செய்வது. முதலில் உசிலம்பட்டிக் கோப்புக்கு 43 வடக்கு, அதாவது இபிஎஸ்ஜி 32643 (ஆள்கூற்று முறைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண்) என்ற உண்மையான முறையைக் குறியுங்கள். அது வரைபடத்தில் தன் இடத்தில் வந்து உட்கார்ந்ததைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். அதன் பிறகே 32644-க்கு மாற்றிப் புதிய கோப்பாகச் சேமியுங்கள். மாவட்டம் முழுவதற்கும் ஒரே மண்டலத்தை வைத்துக்கொள்வதில் தவறில்லை. மண்டல ஓரத்தில் தூரம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக மிகைப்படும். கண்மாய் வரைபடத்துக்கு அது பொருட்டல்ல, கால்வாயின் கட்டுமான அளவைக்குப் பொருட்டு. மாநிலம் முழுவதையும் ஒன்றாகக் கையாளும் பணியென்றால் தமிழ்நாட்டுக்கென வகுத்த லாம்பர்ட் கூம்பு வீழல் (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் ஒரு முறை) இபிஎஸ்ஜி பட்டியலிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது நல்லது.

எந்த இடப்பெயர்ச்சியைக் கண்டாலும் முதலில் அதன் அளவை அளந்து பாருங்கள் என்பதையே புதிதாகச் சேருவோருக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், ஏனென்றால் பிழையின் அளவே பிழையின் பெயரைச் சொல்லிவிடுகிறது. ஐந்து, பத்து மீட்டர் என்றால் கைக்கருவியின் துல்லியக் குறைவு அல்லது வரைந்தவரின் கை நடுக்கம். நூறு மீட்டருக்கு மேல், சில நூறு மீட்டருக்குள் என்றால் பழைய சர்வே ஆஃப் இந்தியா நிலப்படத் தாள் ஒன்று கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அவை எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பூமி வடிவக் கணக்கை அடிப்படையாகக் கொண்டவை, ஜி.பி.எஸ். தரும் எண்களோ டபிள்யூஜிஎஸ் 84-ஐ அடிப்படையாகக் கொண்டவை. (1802-இல் பரங்கிமலை அருகே நில அளவையாளர் லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்த முக்கோண அளவையின் மரபு அந்தப் பழைய தாள்களில் இருக்கிறது, அவற்றை மதித்துக் கையாளுங்கள், ஆனால் மாற்றாமல் கலக்காதீர்கள்.) 650 கிலோமீட்டர் என்றால் மண்டலம். புள்ளிகள் ஆர்க்டிக் பக்கம், ஸ்வால்பார் தீவுகளை ஒட்டிப் போய் நின்றால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. சென்னையின் 13, 80 என்ற எண்களைத் திருப்பிப்போட்டால் அங்கேதான் போகும். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், கினி வளைகுடாவில் புள்ளிகள் குவிந்தால் ஆள்கூறுகள் வெறுமையாகவோ சுழியாகவோ இருக்கின்றன என்று பொருள்.

கேள்வி: ஒரே நிலத்துண்டின் பரப்பை நானும் என் சக ஊழியரும் ஒரே மென்பொருளில் கணக்கிட்டோம், இரண்டு விடைகள் வந்தன. இரண்டுமே பட்டாவில் உள்ள பரப்போடு ஒத்துப்போகவில்லை. எதை அறிக்கையில் எழுதுவது?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: உங்கள் அடுக்கு, இணைய வரைபடங்கள் பின்னணிக்குப் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் முறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த முறை நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பரப்பைப் பெருக்கிக் காட்டும். சென்னை, செங்கல்பட்டு அட்சரேகையில் 100 ஏக்கர் 105 ஏக்கருக்கும் மேலாகத் தெரியும். கியூஜிஐஎஸ்-இல் பரப்பைக் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. டாலர் குறியோடு தொடங்கும் ஏரியா என்ற மாறி, திட்ட அமைப்பில் நீள்கோளம் குறிக்கப்பட்டிருந்தால் பூமியின் வளைவைக் கணக்கில் கொண்டு விடை தரும். ஏரியா என்ற சார்பு, தட்டையான தளத்தில் இருக்கும் எண்களை அப்படியே எடுத்துப் பெருக்கும். நீங்கள் ஒன்றையும் உங்கள் நண்பர் மற்றொன்றையும் பயன்படுத்தியிருக்கக்கூடும்.

பட்டாவோடு ஒப்பிடும்போது இன்னொரு பொறி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்ற அலகுகளில் 0-40.50 என்பதுபோல் எழுதப்பட்டிருக்கும், அது 40.50 ஏர், அதாவது 4,050 சதுர மீட்டர், ஏறக்குறைய ஒரு ஏக்கர். இதைத் தட்டச்சு செய்பவர் 0.405 ஹெக்டேர் என்று எழுதினால் சரி. ஆனால் 0-04.05 என்றிருப்பதையும் அதே பழக்கத்தில் 0.405 என்று எழுதிவிடுவது உண்டு. பத்து சென்ட் நிலம் ஒரு ஏக்கராகிவிடும். அட்டவணையில் ஹெக்டேருக்கும் ஏருக்கும் தனித்தனிப் பத்தி வைத்து, மொத்தத்தைச் சூத்திரத்தால் கணக்கிட வையுங்கள்.

இவ்வளவும் திருத்திய பிறகும் சிறு வேறுபாடு எஞ்சும். பட்டாவின் பரப்பு, நில அளவர் வரைந்த புலப்படத்திலுள்ள அளவுகளிலிருந்து வந்தது. உங்களுடையது படத்தின் மேல் வரைந்ததிலிருந்து வந்தது. ஆகவே அறிக்கையில் இரண்டையும் எழுதி, எது ஆவணப்படி, எது கணிப்பின்படி என்று குறிப்பிடுங்கள். ஒன்றோடொன்று பொருந்துவதற்காக எல்லையை இழுத்து நீட்டிச் சரிசெய்வது மட்டும் ஒருபோதும் கூடாது.

கேள்வி: கைப்பேசியில் வரும் ஜி.பி.எஸ். புள்ளிகளை வைத்து நில எல்லையைக் காட்டித் தரச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், தேனி

பதில்: கூடாது. திறந்த வெளியில் நல்ல கைப்பேசிகூடச் சில மீட்டர் வரை பிழைபடும். தென்னந்தோப்புக்குள்ளும் உயர்ந்த கட்டடங்களுக்கு இடையிலும் அது இன்னும் கூடும். வரப்புத் தகராறு ஓரடி, ஈரடியில் நிற்பது. கிணறு எங்கே இருக்கிறது, மரம் எங்கே இருக்கிறது என்று குறிக்கக் கைப்பேசி போதும். எல்லைக்கு அரசு நில அளவரும், சென்டிமீட்டர் துல்லியம் தரும் கருவியும், புலப்படமும் தேவை. உங்கள் திறனுக்கும் உங்கள் கருவியின் திறனுக்கும் அப்பாற்பட்ட வேலையை மறுப்பதும் இந்தத் தொழிலில் திறமையின் ஒரு பகுதிதான்; மறுப்பை எழுத்தில் தாருங்கள்.

கேள்வி: ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பில் ஊர்ப் பெயர்களைத் தமிழில் சேமித்தால் கட்டங்களாகவோ கேள்விக்குறிகளாகவோ மாறிவிடுகின்றன. அட்டவணையின் பத்தித் தலைப்பும் பாதியில் வெட்டுப்படுகிறது. ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளும்படி அலுவலகத்தில் சொல்கிறார்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தமிழைக் கைவிட வேண்டியதில்லை, கோப்பு வடிவத்தைத்தான் கைவிட வேண்டும். ஷேப்ஃபைல் 1990-களின் வடிவம். அதன் பத்தித் தலைப்புக்குப் பத்து பைட்டுகளே இடம். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், மூன்று குறியீட்டுக்கு மேல் தலைப்பு நிற்காது. உள்ளே எழுதும் உரைக்கும் 254 பைட்டு எல்லை உண்டு. தவிர, எந்தக் குறியாக்கத்தில் எழுதப்பட்டது என்ற செய்தி 'சிபிஜி' என்று முடியும் துணைக் கோப்பில்தான் இருக்கும்; கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்பும்போது அது விடுபட்டால் எழுத்துகள் சிதையும்.

ஜியோபேக்கேஜ் என்ற வடிவத்துக்கு மாறுங்கள். புவித் தகவல் தரங்களை வகுக்கும் ஓஜிசி அமைப்பு 2014-இல் வெளியிட்ட திறந்த தரம் அது. ஒரே கோப்புக்குள் பல அடுக்குகளை வைக்கலாம், தமிழ் முழுமையாக நிற்கும். பழைய தரவு பாமினி, வானவில் போன்ற எழுத்துருக் குறியாக்கங்களில் இருந்தால், வரைபடத்தில் சேர்ப்பதற்கு முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

ஆங்கிலத்தில் மட்டும் வைத்துக்கொள்வது பற்றி என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். ஆங்கில எழுத்தில் ல, ள, ழ வேறுபாடு மங்கிப்போவதால், ஒரே ஊர் மூன்று விதமாக எழுதப்பட்டு, இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது விடுபட்டுப்போகிறது. ஊர்ப் பெயரைத் தமிழில் வைப்பதும், இணைப்புக்குக் கிராமக் குறியீட்டு எண்ணைப் பயன்படுத்துவதுமே முறையான வழி. அந்த ஊர்க்காரர் வரைபடத்தைப் பார்த்துத் தம் ஊரைத் தாமே படித்தறிய வேண்டும் என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கேள்வி: சிறிய ஆலோசனை நிறுவனமொன்றில் ஜி.ஐ.எஸ். பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். புதியவர்களின் திறனை எப்படி மதிப்பிடுவது? சான்றிதழ்களை வைத்து முடிவெடுத்து ஏமாந்திருக்கிறோம்.
– வாசகர், சென்னை

பதில்: ஆஸ்திரேலியத் தொழிற்பயிற்சி முறையில் இடஞ்சார் தகவல் பணிகளுக்கென்றே திறன் அலகுகளை வகுத்திருக்கிறார்கள். அங்கே மென்பொருளை இயக்குவது ஒரு பகுதிதான். வேலையின் நோக்கத்தைக் கேட்டறிவது, நிறுவன நடைமுறைப்படி கோப்புகளைச் சேமிப்பது, செய்ததைப் பதிவுசெய்வது ஆகியவையும் சேர்ந்தே மதிப்பிடப்படுகின்றன. நம் அலுவலகங்களிலும் அந்த நோக்கில் ஒரு சிறு சோதனையை அமைத்துக்கொள்ளலாம்.

வேண்டுமென்றே குறையுள்ள தரவைக் கொடுங்கள். ஆள்கூற்று முறை குறிக்கப்படாத ஓர் அடுக்கு. சில வரிகளில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மாறிக் கிடக்கும் அட்டவணை. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் இரண்டு நிலத்துண்டுகள். அட்டவணையில் இருமுறை வரும் ஒரு புல எண். அரை நாள் அவகாசம் கொடுத்து, ஒரு வரைபடமும் ஒரு பக்கக் குறிப்பும் கேளுங்கள். அவர் எவ்வளவு விரைவாக முடிக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டாம். தொடங்குவதற்கு முன் உங்களிடம் வந்து ஏதாவது கேட்கிறாரா என்று பாருங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் வேலை செய்கிறாரா, குறைகளைக் கண்டு சொல்கிறாரா, அல்லது கண்டும் சொல்லாமல் அழகாக மறைத்துவிடுகிறாரா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது மட்டும் எனக்கு அச்சம் தரும் பண்பு. மற்றவை எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடலாம். பிறகு அவருடைய கோப்புறையை அவர் இல்லாத நேரத்தில் இன்னொருவரிடம் கொடுத்து, குறிப்பை மட்டும் படித்து அதே வரைபடத்தை உருவாக்கச் சொல்லுங்கள். முடிந்தால் முதலாமவர் தேர்ந்தவர்.

ஒரே சோதனையோடு நிறுத்தாமல், சில வாரங்கள் கழித்து வேறு வகைத் தரவில் ஒருமுறை பாருங்கள். கண்மாய் வரைபடத்தில் திறமை காட்டியவர் செயற்கைக்கோள் படத்தை வகைப்படுத்துவதில் தடுமாறலாம். அது குறையல்ல, அடுத்த பயிற்சி எதில் என்பதற்கான தகவல்.

கேள்வி: குழந்தை வளர்ப்புக்காக வேலையை விட்டுச் சில ஆண்டுகளாகின்றன. முன்பு விலை கொடுத்து வாங்கும் மென்பொருளில் வேலை செய்தேன். இப்போது உரிமம் வாங்க வசதியில்லை. மீண்டும் தொடங்க முடியுமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: முடியும், அம்மா. ஆர்க்ஜிஐஎஸ் என்ற கட்டண மென்பொருளைக் கேட்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. ஆனால் ஆள்கூறு, பரப்பு, இணைப்பு, சரிபார்ப்பு ஆகியவற்றில் உங்களுக்கு இருக்கும் அறிவு கியூஜிஐஎஸ்-க்கு அப்படியே வரும், அதற்குக் கட்டணமும் இல்லை. டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழிப் பயிற்சிகளைக் கட்டணமின்றி நடத்துகிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் இலவசம். பத்து மீட்டர் நுணுக்கமுள்ள சென்டினல்-2 படங்களும் இலவசம். நீங்கள் வேலையை விட்ட பிறகு விதிகளும் மாறியிருக்கலாம்: 2021 பிப்ரவரியில் நடுவண் அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இந்திய நிறுவனங்கள் வரைபடத் தரவைச் சேகரிக்கவும் பயன்படுத்தவும் இருந்த முன் அனுமதித் தேவைகளைப் பெருமளவு நீக்கின, 2022-இல் தேசியப் புவியிடக் கொள்கையும் வந்தது. இரண்டையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பயிற்சிக்கு நொய்யலையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் முழுவதும் 43-ஆம் மண்டலத்துக்குள் வருவதால் முதல் முயற்சியில் மண்டலச் சிக்கல் இராது. பத்தாண்டு இடைவெளியுள்ள இரண்டு லேண்ட்சாட் படங்களை ஒரே பருவத்திலிருந்து எடுத்து, ஆற்றின் இருபுறமும் ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடப் பரப்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்று கணக்கிட்டு, நீங்கள் நேரில் அறிந்த சில இடங்களில் விடை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். முதல் பதிலில் சொன்ன ஒரு பக்கக் குறிப்பையும் அதனுடன் சேர்த்து விண்ணப்பத்தில் வையுங்கள்.